வீரைமரத்துப் பலகை

எங்கள் தோட்டச் சங்கத்தின் செயலாளர் சட்டையைக் கழுத்துப் பொத்தான்வரை பூட்டியிருப்பார். பையில் எப்போதும் ஓர் ஈரத்துணி இருக்கும். மரங்களில் சங்கம் கட்டிய பெயர்ப்பலகைகளைக் கண்டால், நின்று தூசு துடைத்துவிட்டுத்தான் நடப்பார்.

யுத்தகாலத்தில், மறைந்திருந்து தாக்குவார்கள் என்று சீனன்குடா வீதியோர மரங்களையெல்லாம் இராணுவம் வெட்டத் தொடங்கியது. அவர்தான் போய் அதிகாரியிடம் பேசினார். பலகை கட்டிய சுதேச மரங்களை விட்டுவிடச் சம்மதம் வாங்கிவந்தார்.

நாங்கள் பலகை கட்டிக்கொண்டு போனபோது ஒரு பெண் படலையைத் திறந்து வந்தாள். அருகில் அவளுடைய மரமுந்திரிகை நின்றது.

"ஐயா, இதுக்கும் ஒண்டு கட்டிவிடுங்கோ. கொட்டை வித்துத்தான் சீவிக்கிறன்."

"ஏலாது பிள்ளை. இது பறங்கியர் கொண்டுவந்த மரம்" என்றார் செயலாளர்.

"ஆமிக்காரருக்கு இது தெரியவோ போகுது?" என்றேன் நான்.

"தெரியாது. ஆனா நான் ஒரு பொய் சொன்னா, மிச்ச மரங்களுக்கு ஆர் பொறுப்பு?"

மறுநாள் மரமுந்திரிகை விழுந்தது. எதிரே நின்ற வீரைமரம் பலகையால் தப்பியது. வீதியில் மிஞ்சிய ஒரே நிழல் என்பதால் அதன் கீழேயே சோதனைச்சாவடி போட்டார்கள்.

பிறகொருநாள் அங்கே வரிசையில் எனக்கு முன்னால் அவர் நின்றார். சிப்பாய் அவருடைய ஈரத்துணியை உதறிப் பார்த்துவிட்டு, எந்த ஊர் என்று கேட்டான். அவர் ஊரைச் சொன்னார். துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பலகையைத் துடைக்கலாமா என்று கேட்டார். சிப்பாய் துடைக்க விடாமல் போகச் சொன்னான்.

என் முறை வந்தது. அடையாள அட்டையை நீட்டியபடி அண்ணாந்து பார்த்தேன். தூசுக்குள் அவருடைய கையெழுத்து இன்னும் தெரிந்தது: "வீரை. இந்த மண்ணுக்குரியது."