ரிகர்சல் பார்த்த வெசல்

1. ஒற்றைக் காதுக்காரன்

எனக்குச் சின்ன வயதிலேயே இடது காது போய்விட்டது. அப்படிப்பட்டவனுக்கு இரும்பின் சத்தம் கேட்கிற வேலை கிடைத்ததும் எங்கள் வலியசாலைத் தெருவில் சிரிக்காத ஆள் இல்லை. தொண்ணூறுகளில் அக்கூஸ்டிக் எமிஷன் என்றால் அங்கே யாருக்குத் தெரியும்? "மைக் செட்டா?" என்று கேட்டார் மாமா. ஏறக்குறைய அதுதான் என்று சொல்லிவைத்தேன்.

பிரஷர் வெசல், அதாவது அழுத்தம் தாங்கும் இரும்புக் கலம், அதன் மேல் கிரீஸ் தடவி சென்சார்களைப் பொருத்துவோம். உள்ளே அழுத்தத்தை ஏற்றுவோம். வெல்டிங்கில் விரிசல் வளர்ந்தால் இரும்பு முனகும். அந்த முனகல் எந்த மனிதக் காதுக்கும் எட்டாது, சென்சாருக்கு எட்டும். ஸ்கிரீனில் புள்ளி விழும். அதனால் என் காது ஒரு குறையே இல்லை என்று வாதாடித்தான் வேலை வாங்கினேன்.

2. சத்தமே இல்லை

ஊருக்கு வெளியே ஒரு ரசாயனத் தொழிற்சாலை. வெசலை ஒட்டி நின்று வால்வு திருப்புகிறவன் தங்கராஜ், போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டுக்காரன். சென்சார் வேலை செய்கிறதா என்று பார்க்க நான் பக்கத்தில் பென்சில் முனையை உடைத்துக்கொண்டிருந்தபோது வந்தான்.

"அண்ணே, நாந்தான் இது பக்கத்துல நிக்கணும். நிக்கலாமா வேண்டாமான்னு மட்டும் சொல்லுங்க."

"சொல்றேன்டே. முதல்ல வலது பக்கம் வந்து பேசு."

அழுத்தம் ஏறியது. பென்சில் முனைக்கே துள்ளிய ஸ்கிரீன், வெசலுக்கு அசையவில்லை. மலையாளியான பிளான்ட் மேனேஜருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"கண்டோ? இன்னலே தன்னே ஃபுல் பிரஷர் ஏத்தி ஒரு ரிகர்சல் பாத்தாச்சு. நிங்க வரும்போ மானக்கேடு ஆகக்கூடாதில்லா!"

இரும்புக்கு ஒரு குணம் உண்டு. ஒருமுறை தாங்கிய அழுத்தத்தைத் தாண்டும்வரை பெரும்பாலும் மறுபடி வாய் திறக்காது. முனக வேண்டியதையெல்லாம் நேற்றே, கேட்க ஆளில்லாமல், முனகித் தீர்த்திருக்கும்.

"சார், இந்த டெஸ்ட் செல்லாது. நேத்து ஏத்தினதுக்கு மேல ஏத்தணும்."

"அது லிமிட்டாணு, அதுக்கு மேல ஏத்தான் பற்றில்லா, முடியாது. சத்தம் இல்லேன்னா இல்ல. ஒருவேளை உமக்கு மட்டும் கேக்கலியோ என்னவோ!"

எல்லோரும் சிரித்தார்கள். பழக்கதோஷம், நானும் சிரித்துவிட்டேன்.

டெஸ்ட் செல்லாது என்றுதான் ரிப்போர்ட் எழுதினேன். எங்கள் பாஸ் அதை அடித்துவிட்டு 'எமிஷன் இல்லை' என்று போட்டார். "அது உண்மைதானேடா?" என்றார். உண்மைதான்.

தங்கராஜிடம் போய், "தள்ளி நில்லுடே" என்றேன்.

"வால்வு இங்கல்லா இருக்கு, அண்ணே."

3. பொருத்தம்

அந்த மழைக்காலத்தில் வெல்டிங் பிளந்தது. தங்கராஜ் பிழைத்தான். வெடித்த சத்தத்தில் வலது காது போயிற்று. வெசல் நல்ல வெசல், திருப்பியவன்தான் தப்பாகத் திருப்பினான் என்று சொல்ல மேனேஜருக்கு எங்கள் ரிப்போர்ட்டே போதுமாயிருந்தது. அவன் வேலையும் போயிற்று.

பிறகு அவனை ஆரியசாலைக் கடைத்தெருவில் பார்த்தேன், மொத்த வியாபாரக் கடையொன்றில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். எதிரெதிரே நின்று இருவரும் "என்ன? என்ன?" என்று தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். கடைசியில் என் வலப்பக்கம் வந்து நின்றான். என் வலது காதும் அவன் இடது காதும் சேர்ந்துகொண்டன.

"பொருத்தம் பாத்தியளா அண்ணே? ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு ஆளுக்கு உள்ள காது இருக்கு."

சிரிக்க முயன்றேன். வரவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்லுவேன். சத்தம் வந்தால் எல்லோரும் ஓடி வருவார்கள். வராவிட்டால், உங்களுக்கு முன்னால் அதில் யார் கைவைத்தார்கள் என்று கேளுங்கள். பதில் வரும்வரை ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். யார் சிரித்தாலும் கூடச் சேர்ந்து சிரிக்காதீர்கள்.