அட்டவணைக்கு அடியில் இரண்டாவது வரி

என் மனைவி ஓர் இடத்தில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஆய்வு மாணவர்களுக்குப் புள்ளிவிவரக் கணக்குப் போட்டுக்கொடுப்பது அவள் பிழைப்பு. கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதும் நாற்காலியைச் சுற்றி நடந்துகொண்டே இருப்பாள். மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'அடிக்குறிப்பு அக்கா'. யார் தாளை நீட்டினாலும் அட்டவணையை விட்டுவிட்டு, அடியில் பொடி எழுத்தில் இருப்பதைத்தான் முதலில் படிப்பாள்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மாணவி வந்தாள். ஆட்களை இரண்டு கூட்டமாகப் பிரித்துக் காட்டும் டிஸ்கிரிமினன்ட் கணக்கு. "தொண்ணூத்தி மூணு சதவீதம் சரியாப் பிரிச்சிருக்குக்கா" என்றாள் பெருமையாக.

"அது கேள்வித்தாளை முன்னாடியே பாத்துட்டுப் பரீட்சை எழுதின மார்க்கு. ஒவ்வொரு ஆளையா வெளிய நிறுத்திட்டு, மத்தவங்களை வெச்சு அவரு எந்தப் பக்கம்னு சொல்லச் சொன்னா எவ்வளவு வருது? அந்த ரெண்டாவது வரி எங்க? சாஃப்ட்வேர்ல அதுக்குன்னு இருக்கற கட்டத்துல டிக் அடிக்கணும்னு கூடவா..."

பாதியில் நிறுத்திவிட்டாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

இரண்டு நாள் முன்பு ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனிக்கு இதே கணக்கைப் போட்டுக் கொடுத்திருந்தாள். பயிற்சிக்கு வந்த பழைய ஆட்கள் நாற்பது பேர்; இருபது பேர் பாதியில் போய்விட்டார்கள், இருபது பேர் நிலைத்தார்கள். வயது, வீட்டுத் தூரம், விடுப்பு என்று ஆளுக்குப் பத்தொன்பது விவரம். அதை வைத்து வந்த சூத்திரத்தில் புதிய ஆட்களைப் போட்டபோது, பதினொரு பேர் 'போய்விடுவார்கள்' பக்கம் விழுந்தார்கள். அன்று மாலை ஐந்து மணிக்கு மேலாளர் அந்தப் பதினொரு பேரையும் நிறுத்தும் கடிதம் கொடுக்கப்போகிறார். தொண்ணூற்றைந்து சதவீதம் சரி என்று அறிக்கையில் எழுதியவள் இவள்தான். டிக் அடிக்க மறந்தவளும் இவள்தான்.

மறுபடி ஓட்டினாள். இரண்டாவது வரி வந்தது: ஐம்பத்தேழரை சதவீதம்.

"கண்ணை மூடிக்கிட்டுச் சொன்னாலே அம்பது வரும்ங்க. வண்டியை எடுங்க."

சிக்னலில் நின்றபோது இறங்கி நடக்கவே ஆரம்பித்துவிட்டாள். திரும்ப ஏற்றிக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

மேலாளர் மேசையில் கடிதங்கள் கையெழுத்தாகித் தயாராக இருந்தன. "தப்பு என்னோடது சார்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னாள்.

அவர் அசரவில்லை. "அம்பத்தேழும் பாதிக்கு மேலதானே மேடம்? ஏதாவது ஒண்ணை வெச்சு முடிவெடுக்கணும்ல?"

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சரி, உங்களையே போட்டுப் பாப்போம் சார்."

பத்தொன்பது கேள்விக்கும் அவர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். அவள் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள்.

"பூஜ்யத்துக்கு மேல வந்தா போயிடுவாங்க. உங்களுக்கு ரெண்டு புள்ளி ஒண்ணு. இருபத்திரண்டு வருஷமா இதே கம்பெனியில இருக்கறவரைப் போயிடுவார்னு சொல்லுது. இதை நம்பியா பதினோரு பேர் வயித்துல அடிக்கப் போறீங்க?"

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"இது வேற யாருக்குத் தெரியும்?" குரல் இறங்கிவிட்டது.

"எது சார்?"

"அடுத்த மாசம் நான் வேற கம்பெனிக்குப் போறது. வீட்டுலகூட இன்னும் சொல்லல." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இந்தக் கணக்கு முதலாளி கண்ணுல படவே கூடாது. இப்படி ஒரு அறிக்கையே வரலைன்னு வெச்சுக்குவோம்."

கடிதங்களை எடுத்து ஒவ்வொன்றாகக் கிழிக்க ஆரம்பித்தார்.

"சார், அது தற்செயலா..." என்று என் மனைவி வாயெடுத்தாள். நான் அவள் காலை மிதித்தேன். பதினொன்றும் கிழிந்து முடியும்வரை என் காலை எடுக்கவில்லை.