இரண்டு முறையும் இங்கேயே பிறந்தவர்

பொகவந்தலாவையிலிருந்து வந்த பஸ் கண்டக்டர்தான் தலவாக்கலைக் கடைத்தெருவில் என்னைக் கண்டு சொன்னார்: "ரெனாட்டோ அண்ணன் காலையில தவறிட்டாருங்க." நெஞ்சுவலியாம். அறுபது வயதுகூட ஆகவில்லை. அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த இலங்கை நாட்டுக்காரர் என்று சொல்லும் ஒரு தாள் அவருக்குக் கடைசிவரை வந்து சேரவில்லை.

தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கு இத்தாலியப் பெயர் எப்படி வந்தது என்று கேட்காதவர் இல்லை. பிறந்தபோது அவரிடம் மூச்சில்லை. மருத்துவச்சி கையை விரித்துவிட்டார். அன்று எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்கு வந்திருந்த இத்தாலியச் சாமியார் அவசரமாகத் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தார், குழந்தை வீறிட்டது. 'ரெனாட்டோ' என்று பெயரிட்டார். லத்தீனில் 'மறுபடி பிறந்தவன்' என்று பொருளாம். ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குப் பழைய கிறிஸ்தவர்கள் விரும்பி வைத்த பெயர், இத்தாலிக்காரர் வாயில் இப்படி ஆயிற்று என்று அண்ணன் பெருமையாக விளக்குவார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் இருவரும் ஒன்றாகச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினோம். காலைப் பெரட்டில் பெயர் சொல்லி வேலைக்கு ஆள் கூப்பிடும் கணக்கப்பிள்ளைக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. கூலிக்காரனுக்கு எதற்குத் துரைப் பெயர் என்று 'ராமன்' என்றே கூப்பிட்டார். தோட்டத்தில் பலருக்கும் பெயர் அப்படித்தான் மாறியது. அண்ணன் அசையவில்லை. "அந்தப் பேர்ல ஆளு வந்தா வேல குடுங்கய்யா" என்றார். மூன்று நாள் வேலையில்லாமல் வீட்டுக்குத் திரும்பினார். மேரி அண்ணி திட்டித் தீர்த்தார். நான்காம் நாள் கணக்கப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு 'ரெனாட்டோ' என்றார். "வந்துட்டேங்க!" என்ற குரல் அடுத்த மலைக்கே கேட்டிருக்கும்.

பிறகு, தோட்டத் தமிழரை இந்தியாவும் இலங்கையும் பங்கிட்டுக்கொள்ளும் ஒப்பந்தம் என்றார்கள். இந்தியாவுக்குப் போகும் பட்டியலில் யாரோ அவர் குடும்பத்தையும் சேர்த்துவிட்டார்கள். விசாரணைக்குச் சிங்களம் தெரிந்த நான் துணைக்குப் போனேன். பிறப்புச் சான்றிதழ் எங்கே என்றார் அதிகாரி. கோயில் ஞானஸ்நானப் பதிவின் நகலை நீட்டி, பெயரின் கதையையும் என்னைக்கொண்டு சொல்லவைத்து, அண்ணன் கேட்டார்: "ஒரு தடவ பொறந்தவன அனுப்பிடுவீங்க. ரெண்டு தடவையும் இங்கயே பொறந்தவன எந்த ஊருக்குங்க அனுப்புவீங்க?"

நான் பயந்துபோய், இவர் இங்கேயே இருக்க விரும்புகிறார் என்று மட்டும் சிங்களத்தில் சொன்னேன். அண்ணனுக்கு அந்த அளவு சிங்களம் புரியும். "நான் கெஞ்சலடா. கேட்டத அப்படியே கேளு" என்று என்னை அதட்டினார். நான் வாய் திறக்குமுன் தமக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் தாமே கேட்டுவிட்டார். அதிகாரி கோப்பை மூடினார்.

அட்டன் ஸ்டேஷனில் ரயிலேறிய சொந்தங்களை அழுது வழியனுப்பினார்; தாம் ஏறவில்லை. "பேப்பர் இல்லாட்டி என்னா, காலு இருக்குல்ல? நிக்கிறேன்" என்பார். நின்றார்.

அடக்கத்தன்று, மரணத்தைப் பதிய வந்தவர் அடையாள அட்டை கேட்டார். இல்லை என்றோம். எந்த நாட்டுப் பிரஜை என்று எழுதுவது என்றார். மேரி அண்ணிதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டிக் காட்டினார்: "குழி இங்கதானங்க வெட்டியிருக்கு? அத எழுதிக்குங்க."

போய்வாருங்கள் என்று உங்களிடம் சொல்ல எனக்கு மனமில்லை. இங்கேயே இருங்கள், அண்ணே. இனி உங்களை எவராலும் எங்கேயும் அனுப்ப முடியாது.