செல்லி ரைடு போகாததன் காரணம்

ஒகேனக்கல் பேருந்து நிலையத்திலிருந்து அருவிக்குப் போகிற வழியில் மீன் வறுவல் கடைகள் வரிசையாக இருக்கும். மற்றக் கடைக்காரர்கள் வண்டியை விட்டு இறங்குகிறவர்களைக் கைதட்டிக் கூப்பிடுவார்கள். செல்லி கூப்பிடமாட்டாள். மசாலா தடவிய கட்லாத் துண்டுகளைக் கல்லில் போட்டுவிட்டு இடுப்பில் கைவைத்து நிற்பாள். வாசனை பிடித்தவன் வரட்டும் என்பது அவள் எண்ணம். பெங்களூரிலிருந்து வருகிறவர்களிடம் கன்னடத்திலேயே விலை பேசுவாள். இறங்கி வரமாட்டாள், ஆனாலும் வாங்கினவர்கள் சிரித்துக்கொண்டுதான் போவார்கள்.

கபடியிலும் அப்படித்தான் இருந்தாள். பள்ளியில் படித்தபோதே மாவட்ட அணிக்கு ஆடியவள். கல்யாணத்துக்குப் பிறகு எல்லாப் பெண்களும் நிறுத்தியபோது அவள் நிறுத்தவில்லை. புருஷன் சென்னப்பன் பரிசல் ஓட்டுகிறவன். பெண்டாட்டி ஆடுகிற நாளில் பரிசலைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு மைதானத்துக்கு வந்து, கோட்டுக்கு வெளியே நின்று விசிலடிப்பான். அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியை நிர்மலா, அக்கம்பக்கத்து ஊர்களில் கல்யாணமான பெண்களைத் தேடிப்பிடித்து ஒரு அணி சேர்த்தபோது முதலில் சேர்த்தது செல்லியைத்தான். ஊருக்கு ஊர் நடக்கும் போட்டிகளில் ‘ஒகேனக்கல் செல்லி ரைடு வரா’ என்று மைக்கில் சொன்னால், எதிரணிக்காரிகள் கைகோத்து நெருங்கி நின்றுகொள்வார்கள்.

இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு அவள் ரைடு போகவில்லை.

முட்டியில் வலி என்றாள். ஆடுவதை விடவில்லை. கார்னரில் நின்று வருகிறவளின் காலைப் பிடித்தாள், நன்றாகவே பிடித்தாள். ஆனால் மூச்சைப் பிடித்து கபடி கபடி என்று பாடிக்கொண்டு எதிர்க்களத்துக்குள் தாவுகிற செல்லியை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. அணிக்குள் ஒரு பேச்சு ஓடியது. சென்னப்பன்தான் வேண்டாம் என்று சொல்லியிருப்பான், இரண்டு பிள்ளை ஆனபின் எந்தப் புருஷன் விடுவான் என்றார்கள். செல்லி அதைக் கேட்டும் கேட்காததுபோல இருந்தாள்.

உண்மை வேறு. இரண்டாவது குழந்தை எடை அதிகம், ஆயுதம் போட்டு எடுத்த பிரசவம். அதற்குப் பிறகு அவளுக்குத் தும்மினால், இருமினால், எட்டித் தாவினால் சிறுநீர் கசிந்தது. குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போன இடத்தில் ஒருமுறை மெல்லக் கேட்டுப்பார்த்தாள். பிள்ளை பெற்றால் அப்படித்தான் இருக்கும், போகப்போகச் சரியாகும் என்று சொன்னார்கள். சரியாகவில்லை. பக்கத்தில் காவேரி ஓடுகிறது, எதிரே அடுப்பு எரிகிறது, செல்லி பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் நிற்பாள். இரண்டு முறை தலைசுற்றிக் கல்லின்மேல் சாயப் பார்த்தாள். வெயில் என்று சொல்லிவிட்டாள்.

இந்த நிலையில்தான் நாடாளுமன்றக் குழு வரப்போகிறது என்று நிர்மலா வந்து சொன்னாள். பெண்கள் ஏன் பாதியில் விளையாட்டை விடுகிறார்கள், அவர்களுக்கு உள்ளூரில் என்ன மருத்துவ வசதி கிடைக்கிறது என்று விசாரிக்க எம்.பி.க்கள் கொண்ட ஒரு குழு மாவட்டம் மாவட்டமாகப் போகிறதாம். அதிகாரிகளைக் கேட்பார்கள், விளையாடுகிற பெண்களையும் கேட்பார்கள். பேசுவது எல்லாம் பதிவாகி அறிக்கையாக நாடாளுமன்றத்துக்குப் போகும். செல்லி பேச வேண்டியது கபடி மேட் பற்றி. மண்ணில் ஆடி மண்ணில் விழுகிறோம், மேட் வேண்டும். அவ்வளவுதான். யாரோடும் பேசத் தயங்காதவள் என்பதால் அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். செல்லி உடனே சரி என்றாள். டெல்லிக்காரர்களானால் என்ன, மீன் வாங்க வருகிறவர்களில் டெல்லிக்காரர்கள் இல்லையா.

தர்மபுரியில் நடந்த அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் அதிகாரிகள் இருந்தார்கள், பின்வரிசைகளில் விளையாட்டுப் பெண்கள். மேசைக்கு அந்தப்பக்கம் குழுவின் உறுப்பினர்கள். தலைவர் வடக்கத்திக்காரர், வயதானவர், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். தமிழை இந்திக்கும் ஆங்கிலத்துக்கும் மாற்றிச் சொல்ல ஒருவர் இருந்தார். கர்நாடகத்திலிருந்து வந்த ஒரு பெண் உறுப்பினர்தான் அதிகம் கேள்வி கேட்டவர். செல்லி மேட் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்தாள். கைதட்டினார்கள்.

பிறகு அந்த உறுப்பினர், குழந்தை பெற்ற பிறகும் விளையாடுகிறவர்கள் கை தூக்கச் சொன்னார். சில கைகளே எழுந்தன. மற்றவர்கள் ஏன் விட்டார்கள் என்று கேட்டார். புருஷன் விடுவதில்லை என்றாள் ஒருத்தி. மாமியார் என்றாள் இன்னொருத்தி. நேரம் இல்லை, மைதானம் இல்லை, மறுபடியும் புருஷன். உறுப்பினர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு பேனாவை வைத்தார். போன மாவட்டங்களிலும் இதையே கேட்டேன், இது உண்மைதான், ஆனால் புருஷனே மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு வருகிற பெண்களும் விளையாட்டை விட்டிருக்கிறார்களே, அது ஏன் என்று கேட்டார்.

பின்னாலிருந்து ஒரு பெண், எங்கள் அணியிலேயே ஒருத்தி இருக்கிறாள், ரைடு போக வீட்டுக்காரர் விடுவதில்லை என்று நினைக்கிறோம் என்றாள். அவள் பேர் சொல்லவில்லை. செல்லிக்கு முகம் சுட்டது. விசிலடித்துத் தொண்டை கட்டிப்போகிற மனிதனின் தலையில் இந்தப் பழி விழுந்து, அது எழுத்தாகி டெல்லி வரைக்கும் போவதா. எழுந்தாள்.

எழுந்துவிட்டாளே தவிர, வார்த்தை தமிழில் வரவில்லை. முன்வரிசையில் எல்லாம் ஆண்கள். உறுப்பினரைப் பார்த்துக் கன்னடத்தில் சொன்னாள். கடைத்தெருக் கன்னடம், சுற்றிவளைக்கத் தெரியாத கன்னடம். நடந்தது எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மொழிபெயர்ப்பாளருக்குக் கன்னடம் தெரியவில்லை.

உறுப்பினர் எழுந்து அவள் அருகில் வந்தார். மெல்லிய குரலில் கன்னடத்திலேயே பேசினார். நீ சொன்னதை நான் ஆங்கிலத்தில் சொல்லிவிடுவேன், அது பதிவாகும், நீ உட்காரலாம். ஆனால் டெல்லியில் யாரும் உனக்கு வைத்தியம் பார்க்கப்போவதில்லை, பார்க்க வேண்டியவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள், அவர்கள் உன் வாயால் கேட்டால் நல்லது. சொல்வதும் விடுவதும் உன் இஷ்டம்.

செல்லி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். முன்வரிசையைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

“எங்க வூட்டுக்காரரு தடுக்கலீங்க. ரெண்டாவது புள்ள பொறந்ததுல இருந்து, தாவுனா, மூச்சப் புடிச்சுப் பாடுனா, எனக்கு ஒன்னுக்கு வந்துருதுங்க. ரைடு போனா மொத்தக் கூட்டமும் என்னையத்தான பாக்கும்? அதான் முட்டி வலின்னு சொல்லிட்டு மூலையில நிக்கறேன். முட்டி நல்லாத்தான் இருக்குதுங்க.”

மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் தடுமாறி, பிறகு ஒரு சொல்லும் விடாமல் மாற்றிச் சொன்னார். தலைவர் சுகாதாரத் துறை அதிகாரியிடம், இதற்கு இங்கே சிகிச்சை உண்டா என்று கேட்டார். அதிகாரி எழுந்து, உண்டு, பெரும்பாலும் பயிற்சியிலேயே குணமாகும், வட்டாரத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார் என்றார். இதற்காக எத்தனை பெண்கள் வந்திருக்கிறார்கள் என்று கேட்டதும் அவர் காகிதத்தைப் புரட்டவில்லை. “யாரும் கேட்டு வரலைங்க சார். நாங்களும் யாரையும் கேட்டதில்லை,” என்றார்.

அப்போது செல்லிக்குப் பக்கத்தில் நிர்மலா கை தூக்கினாள். எனக்கும் அப்படித்தான் என்றாள். செல்லி திரும்பிப் பார்த்தாள். ‘ரைடு போடி, சோம்பேறி’ என்று வாரம் தவறாமல் திட்டுகிற நிர்மலா. பின்னால் இன்னும் சில கைகள் எழுந்தன, பாதி உயரத்துக்கு.

திரும்பும் பேருந்தில் இருவரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். ஏன்க்கா எங்கிட்டகூடச் சொல்லல என்று செல்லி கேட்க, நீ மட்டும் சொன்னியா என்றாள் நிர்மலா.

சென்னப்பனிடம் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். கூட்டம் நன்றாக நடந்தது என்பதோடு நிறுத்திக்கொண்டாள். செய்தித்தாளில் மாவட்டப் பக்கத்தில் அது வந்துவிட்டது. பேர் போடவில்லை, மீன் கடை வைத்திருக்கும் கபடி வீராங்கனை என்று மட்டும் போட்டிருந்தார்கள். ஒகேனக்கல்லில் அதற்கு மேல் என்ன அடையாளம் வேண்டும். பரிசல் துறையில் யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள். வியாபாரம் சூடாக இருக்கிற மத்தியானத்தில் அவன் கடைக்கு வந்து, விறகுக் கட்டின்மேல் உட்கார்ந்தான். வாடிக்கையாளர்கள் போகிறவரை காத்திருந்தான்.

“நாலு பேரு படிச்சுச் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?” என்றான்.

“உங்ககிட்ட சொன்னா, இனிமே ஆடவேணாம்னு சொல்லிருவீங்கன்னு பயந்தேங்க.”

அவன் யோசித்தான். பொய் சொல்ல அவனுக்கு வரவில்லை.

“சொல்லித்தான் இருப்பேன்,” என்றான்.

எழுந்து போய்விட்டான். அந்த வாரம் வீட்டில் பேச்சு குறைவாகவே இருந்தது. பரிசலில் யாரோ கேலி பேசினார்கள் என்றும், இவன் துடுப்பை ஓங்கிவிட்டான் என்றும் பிறகு கேள்விப்பட்டாள். ஒரு காலையில் வலையை உதறிக்கொண்டே, பேப்பரில் போட்டிருந்த அந்த பிசியோ எந்த ஊரில் இருக்கிறார், எந்தக் கிழமை வருவார் என்று அவனாகவே கேட்டான்.

பிசியோதெரபிஸ்ட் பாரதி சின்னப் பெண், படித்து வந்து அதிக நாள் ஆகவில்லை. பக்கவாதம் வந்த பெரியவர்களுக்கு வீடு வீடாகப் போய்க் கைகால் நீட்டிவிடுவதே அவளுக்கு வேலையாக இருந்தது. இந்தப் பயிற்சியையும் படித்திருக்கிறேன், கேட்டு வந்த முதல் ஆள் நீங்கதான் என்றாள். செய்வது என்னவோ சுலபம். சிறுநீரை அடக்குவதுபோல உள்ளே இறுக்கிப் பிடிக்க வேண்டும், மெல்ல விட வேண்டும், திரும்பப் பிடிக்க வேண்டும். தினமும், மாதக்கணக்கில். தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர்ப் பாதை புண்ணாகும், நிறையக் குடியுங்கள் என்றாள். மீன் வறுத்துக்கொண்டே செய்யலாமா என்று கேட்டாள் செல்லி. யாருக்கும் தெரியாது, எங்கே வேண்டுமானாலும் செய்யுங்கள் என்றாள் பாரதி.

செல்லி அடுப்படியில் செய்தாள். பேருந்தில் செய்தாள். முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை, கோபம்தான் வந்தது. பிறகு ஒருநாள் மிளகாய் நெடி ஏறி அடுக்கடுக்காகத் தும்மினாள். தும்மி முடித்த பிறகுதான், ஒன்றும் ஆகவில்லை என்பது உறைத்தது. வாழையிலையோடு காத்திருந்தவரை நிற்கவைத்துவிட்டு நிர்மலாவுக்குப் போன் போட்டாள்.

பாரதியிடம் ஆரம்பத்தில் போனவர்கள் செல்லியும் நிர்மலாவும்தான். மற்றவர்கள் இடுப்பு வலி என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். செல்லி சுகாதார நிலைய வாசலிலேயே நின்று, இடுப்பு வலியா, ஒன்னுக்குப் பிரச்சினையா, சரியாச் சொன்னா சீக்கிரம் ஆவும் என்று கேட்டுவிடுவாள். சிலர் வெட்கப்பட்டுத் திரும்பிப் போனதும் உண்டு. கொஞ்சம் மெதுவாக் கேளுங்கக்கா என்று பாரதி கண்டித்தாள். அதை மட்டும் செல்லி ஏற்றுக்கொண்டாள்.

குழுவின் அறிக்கை அடுத்த கூட்டத்தொடரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. நிர்மலா அதைத் தேடி எடுத்துப் படித்துச் சொன்னாள். பிரசவத்துக்குப் பிறகு பெண்களை இந்தக் குறைக்காக உள்ளூர் சுகாதார நிலையத்திலேயே கேட்டறிய வேண்டும், விளையாடுகிற பெண்களுக்கு அங்கேயே பயிற்சி தர வேண்டும் என்று ஒரு பத்தி இருந்தது. சுகாதாரம் மாநிலத்தின் பொறுப்பு, பரிந்துரை அனுப்பி வைக்கப்பட்டுள்ளது என்று அரசு பதில் தந்தது. கர்நாடக உறுப்பினர் விடாமல் அவையில் கேள்வி எழுப்பினார். இன்னொரு பிசியோதெரபிஸ்ட் வருவார் என்றார்கள், இன்னும் வரவில்லை. மேட்டும் வரவில்லை. ஆனால் தடுப்பூசிக்கு வருகிற தாய்மார்களிடம், தும்மினால் கசிகிறதா என்று செவிலியர்கள் இப்போது கேட்கிறார்கள். கேட்கச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது.

கடத்தூரில் நடந்த பெண்கள் கபடிப் போட்டியில் செல்லி ரைடு போனாள். முதல் ரைடில் யாரையும் தொடாமல் திரும்பினாள். அடுத்ததில் கூடுதல் புள்ளி தருகிற போனஸ் கோட்டைத் தாண்டி, கணுக்காலைப் பிடிக்க வந்தவளையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டில் விழுந்தாள். சென்னப்பன் அடித்த விசிலில் காது கிழிந்தது. ஒரு சொட்டுகூட இல்லை என்று சொன்னால் பொய். உள்ளே துணி வைத்திருந்தாள், அது போதுமானதாக இருந்தது. அரையிறுதியில் சேலத்துக் கல்லூரிப் பெண்களிடம் தோற்றார்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பாதி வயது, நம்மைவிட இரட்டிப்பு மூச்சு என்று நிர்மலா ஆறுதல் சொன்னாள். செல்லிக்கு ஆறுதல் தேவைப்படவில்லை. அந்தக் கடைசிப் பாயிண்டை நடுவர் கொடுத்திருக்க வேண்டும் என்று ஊர் போய்ச் சேரும்வரை சண்டை போட்டுக்கொண்டே வந்தாள்.

போன வாரம் அரூர் பக்கத்திலிருந்து ஒரு உடற்கல்வி ஆசிரியை கடைக்கு வந்திருந்தார். அங்கேயும் ஒரு அணி சேர்க்கிறார்களாம், வந்து பேச வேண்டுமாம், ஞாயிற்றுக்கிழமை சௌகரியமா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வரும், கடையை மூட முடியாது, செவ்வாய்க்கிழமை வைத்தால் வருகிறேன் என்றாள் செல்லி. ஆசிரியை ஒப்புக்கொண்டார். அவருக்குக் கெளுத்தியில் ஒரு துண்டு எடுத்துக் கல்லில் போட்டாள்.