வெள்ளைக்காரன் குடிக்காத தண்ணீர்

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். சாப்பாட்டுக் கடை, மீன் லொறி, கட்டட வேலை என்று மாறி மாறி, கடைசியில் கொழும்பு ஒருகொடவத்தையில் ஒரு கொண்டெயினர் லொறிக்கு உதவியாளாகச் சேர்ந்தேன். படுக்கையும் லொறிக்குள்தான். இரவு முழுக்கக் கடிக்கும் நுளம்பைத் தவிர வேறு குறை இல்லை. கொண்டெயினர் ஏற்றும் யார்டில் எங்கள் முறை வரும்வரை அரைநாள் சும்மா கிடக்க வேண்டும். பொரளை நடைபாதையில் வாங்கிய ஒரு ஆபிரிக்க நாவலை அப்போதுதான் டிரைவருக்கு வாசித்துக் காட்டினேன். தமிழில் மொழிபெயர்த்தது.

நாவலில் வரும் கிராமம் நல்ல கலகலப்பான இடம். ஆட்டுக்குச் சண்டை, கிழங்குக்குச் சண்டை, பொழுதுபட்டால் ஆட்டம். "இது எங்கட ஊர்தான் மச்சான், பேர்தான் வேற" என்று டிரைவர் ஸ்டியரிங்கில் தட்டிச் சிரிப்பான். அந்த ஊரில் யார் வந்தாலும் முதலில் தண்ணீர் கொடுப்பார்கள். குடித்த பிறகுதான் வந்த காரியத்தைக் கேட்பார்கள். முதல் வெள்ளைக்காரன் வந்தான். காய்ச்சல் வருத்தம் ஏதும் வந்துவிடும் என்று பயந்து கிண்ணத்தைத் தள்ளி வைத்தான். அடுத்த அத்தியாயத்தில் வரி, அதற்கடுத்ததில் வரி கட்டாதவர்களைப் பூட்டி வைக்க மறியல்.

"தண்ணியைத் தள்ளேக்கையே அவனைக் கலைச்சிருக்க வேணும்!" டிரைவருக்குக் கோபம் அடங்கவேயில்லை.

அந்தக் கிழமைதான் டிரைவருக்குப் பெண் கேட்டு வெள்ளவத்தைக்குப் போனோம். பெண் அங்கே ஒரு சாரிக் கடையில் வேலை செய்தாள். கட்டினால் அவளைத்தான் என்று இவன் நின்றான். தகப்பன் இன்னும் சம்மதிக்கவில்லை. சொந்தம் என்று யாரும் இல்லாதவனுக்குத் தமையனாக நான் போனேன். பேச்சு முற்றாகும்வரை பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது. தேத்தண்ணியோடு நிறுத்த வேண்டும். சாப்பிட்டால் நம் பக்கம் சம்மதம் என்று பொருள். இதை பஸ்ஸில் அவனுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

தகப்பன் முகத்தை இறுக்கிக்கொண்டு இருந்தார். தாய் முறைக்குப் புட்டும் மீன் குழம்பும் கொண்டுவந்து வைத்தார். நாங்கள் முறைக்கு வேண்டாம் என்று சொல்ல வேண்டும். டிரைவர் எழும்பிப் போய்க் கை கழுவிவிட்டு வந்து, புட்டைக் குழைத்து வாயில் வைத்தான்.

"ஐயோ, கை நனைச்சிட்டார்!" என்றார் தாய்.

"தம்பி, இன்னும் ஒண்டும் கதைக்கேல்லை. முறை தெரியாதோ?" என்றார் தகப்பன்.

"தெரியும் அங்கிள். தந்ததைத் தள்ளினா நானும் அந்த வெள்ளைக்காரனும் ஒண்டு."

தகப்பன் என்னைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் நாவலைச் சொன்னேன், மறியல் வரைக்கும். அவர் காது கொடுத்துக் கேட்டார்.

"அப்ப, தண்ணியைக் குடிச்சிருந்தா அவன் நாட்டைப் பிடிச்சிருக்க மாட்டானோ?"

"குடிச்சிட்டும் பிடிச்சிருப்பான் அங்கிள்" என்றான் டிரைவர், வாய் நிறையப் புட்டோடு.

அறைக்குள் பெண் சிரித்துவிட்டாள். தகப்பன் மீசையைத் தடவினார்.

"சீதனம் பற்றி நீர் ஒண்டும் கேக்கேல்லையே?"

"இனி எங்க கேக்கிறது? நான்தான் சாப்பிட்டிட்டனே."

இப்போது அவராலும் அடக்க முடியவில்லை. சிரித்துக் கண்ணைத் துடைத்துவிட்டு மனைவியின் பக்கம் திரும்பி, "இவருக்கு இன்னும் ஒரு துண்டு மீன் வையும்" என்றார். பிறகு இவனைப் பார்த்து, "உந்த அங்கிளை விட்டிட்டு இனி மாமா எண்டு கூப்பிடும்."

எனக்கும் ஒரு தட்டு வந்தது. நான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.