மருமகனும் ஒரு போல்ட்டும்

எனக்கு எழுபத்தாறு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், மெதுவாகத்தான் வரும். மஹய்யாவயில் எங்கள் வீட்டில் மாமியார் மருமகனோடு நேருக்கு நேர் பேசும் வழக்கம் இல்லை. இருபது வருடமாகச் சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வேன், இல்லையென்றால் சுவரிடம் சொல்வேன். சுவர் கொஞ்சமாவது கேட்கும்.

மருமகனிடம் ஒரு பழைய வேன் இருக்கிறது. அதில் பேட்டரிக்குக் கரண்ட் ஏற்றும் ஆல்டர்னேட்டர் பழுதாகி, கடையில் கொடுத்துச் செய்வித்தார். பூட்டுவதைத் தானே செய்வேன் என்று வேனுக்கடியில் படுத்தார். போல்ட் இறுகிய பிறகும் விடவில்லை. ஸ்பேனரின் பிடியில் நீளமான பைப் ஒன்றை மாட்டி, காலை ஊன்றி இழுத்தார். தேங்காய் துருவியை எத்தனையோ வருடமாக மேசையில் பூட்டுகிறவள் நான். ஆடாமல் நின்றால் போதும், அதற்கு மேல் திருகினால் பலகைதான் வெடிக்கும். இதை மகளிடம் சொன்னேன். அவர் காதிலும் விழுந்தது. இன்னும் அரைச் சுற்றுத் திருகினார்.

என் வலது கண்ணில் புரை. மாதக்கணக்கில் காத்திருந்து பேராதனை ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷனுக்கு நாள் கிடைத்தது. அன்று காலை போகும் வழியில், கெட்டம்பே நெரிசலில் மருமகனின் வேன் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்றது, அவ்வளவுதான். ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் என் கட்டிலில் வேறொரு அம்மா படுத்திருந்தார். எனக்கு வேறு நாள் எழுதித் தந்தார்கள்.

வேனைப் பார்க்க வந்த மெக்கானிக் அலவத்துகொடக்காரர். போல்ட்டை விரலாலேயே உருவி எடுத்தார். அது பூட்டியிருந்த அலுமினியத் துளைக்குள் இருக்கும் திருகுப் புரி தேய்ந்துபோய், ஆல்டர்னேட்டர் ஆடி, அதைச் சுற்றும் பெல்ட் தொய்ந்து, பேட்டரிக்கு ஒன்றும் ஏறவில்லையாம். மருமகன் போல்ட்டைக் குறை சொன்னார், மட்டமான சாமானாம்.

“போல்ட்டுல பழுது இல்ல தம்பி. அது போதும்னு சொல்லிச்சு, நீங்கதான் கேக்கல்ல.”

பிறகு மெக்கானிக் தன் ஸ்பேனர் ஒன்றைக் காட்டினார். அளவு வைத்துத் திருகினால், இறுக்கம் போதுமானதும் ‘டக்’ என்று சத்தம் போடும். இரவல் தருகிறேன் என்றும் சொன்னார். மருமகன் வேண்டாம் என்றுவிட்டார், தன் கைக்கே அளவு தெரியுமாம். எனக்கு அந்த ஸ்பேனரைப் பிடித்துப்போனது. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்த அன்று ஒரு தடவை ‘டக்’ சத்தம் வருகிறதா என்று கேட்டிருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை மறுபடி ஆஸ்பத்திரி. ஆட்டோவில் போகிறேன் என்றால் மருமகனுக்கு மானக்கேடு. புரி போன துண்டுக்குப் பதில் புதிது வந்துவிட்டது, நாளைக்குப் பூட்டப்போகிறார். அந்தப் பைப்பைத் துடைத்து வாசலில் சாத்தியும் வைத்துவிட்டார். மகள் சொல்லிப் பார்த்தாள், சுவரும் கேட்டு அலுத்துவிட்டது. அதனால்தான் மங்கிய கண்ணோடு உட்கார்ந்து இதை எழுதினேன்.

பேத்தியைக் கூப்பிட்டு, இதை எழுதிய கொப்பியைக் கொடுக்கிறேன்.

“இந்தா கண்ணு, வாசிச்சுக் காட்டு. முன் ரூமுல ஒங்கப்பா இருக்காரு, அங்க கேக்குற மாதிரி வாசி. போல்ட்டு போதும்னு சொன்ன எடத்த மட்டும் ரெண்டு தடவ வாசி.”