ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகு சொன்னது

எங்கள் பைக் குரூப்பில் ஒரு சட்டம் உண்டு. புது வண்டியை யார் ஓட்டிப் பார்த்தாலும், இறங்கிய கையோடு, ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே, எப்படி இருந்தது என்று குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டுவிட வேண்டும். கழற்றிய பிறகு சொன்னால் அது செல்லாது. சட்டத்தைப் போட்டவன் நான்தான்.

அதற்குக் காரணம் எங்கள் ஜவுளிக்கடைக்காரர். குரூப்பிலேயே வசதியானவர், மனசும் பெரிசு, ஆனால் ஆளைப் பார்த்துப் பேசுவார். ஒருமுறை யாரோ ஒருவருடைய விலை கூடிய வண்டியை வாங்கி நார்த்தாமலை வரைக்கும் ஓட்டிவிட்டு வந்தார். இறங்கும்போதே ஹெல்மெட்டுக்குள் "யப்பா, இடுப்பு போச்சுடா" என்று முனகியது என் காதில் விழுந்தது. ஹெல்மெட்டைக் கழற்றினார், வண்டிக்குச் சொந்தக்காரர் எதிரே நிற்பதைப் பார்த்தார், "சொர்க்கம் சார், சொர்க்கம்" என்றார். அன்றைக்கே சட்டம் வந்துவிட்டது. ஹெல்மெட்டுக்குள் இருக்கிறவரை எதிரே யார் நிற்கிறார்கள் என்ற நினைப்பு வருவதில்லை. முகம் வெளியே வந்ததும் அதுவும் வந்துவிடுகிறது. தவிர, ஹெல்மெட்டோடு பேசினால் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்கும். கழற்றிவிட்டுப் பேசுகிறவனைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம் என்று அன்றைக்கு நானே பெருமையாக விளக்கினேன்.

நான் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. ஓட்டுவது இருபது வருடத்துப் பழைய வண்டி. ஆனாலும் புதுக்கோட்டைச் சுற்றுவட்டாரத்தில் எனக்குத் தெரிந்தவர்களில் யார் பைக் வாங்கினாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். அதில் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. என் சம்பளத்துக்கு எட்டாத வண்டிகளையெல்லாம் வாயாலேயே ஆண்டுகொண்டிருந்தேன்.

குரூப்பில் எங்களோடு ஒரு நாள்கூட வண்டி ஓட்டாத ஒருவரும் இருந்தார், என் தங்கையின் கணவர். கத்தாரில் ஏசி மெக்கானிக். வயதில் என்னைவிடச் சின்னவர், என்றாலும் மாப்பிள்ளை என்பதால் நான் மரியாதையோடுதான் பேசுவேன். வேலைக்குக் கூட்டிப்போகிற பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு எங்கள் வாய்ஸ் மெசேஜ்களை ஒன்று விடாமல் கேட்பார். கல்யாணமான புதிதில் என்னுடைய இதே வண்டியைத்தான் இரவல் வாங்கி, தங்கையைப் பின்னால் உட்காரவைத்து, ஆலங்குடியிலிருந்து கட்டுமாவடிக் கடற்கரை வரைக்கும் போய்வந்தார். அந்த ஒரு பயணத்தைப் பற்றி இரண்டு பேரும் பத்தொன்பது வருடமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு அவர் வந்துபோன லீவுகளெல்லாம் வீடு கட்டவும், கல்யாணம் காதுகுத்துக்கும் சரியாகப் போயின.

அப்போதுதான் அந்த வண்டி வந்தது. ஸ்போர்ட் டூரர் என்பார்கள். வேகத்துக்கு ரேஸ் வண்டி மாதிரி, ஆனால் இரண்டு பேர் பெட்டி படுக்கையோடு நாள் முழுக்க அலுப்பில்லாமல் போகிற மாதிரி செய்தது. இன்னும் ரோட்டுக்கே வரவில்லை, போட்டோ மட்டும்தான் வந்திருந்தது. மாப்பிள்ளை எனக்குத் தனியாகப் போன் செய்தார்.

"மச்சான், இதுல பின் சீட்டப் பாத்தீகளா? ஒங்க தங்கச்சி கன்னியாகுமரி வரைக்கும் சாஞ்சுக்கிட்டே வரலாம். அங்கிட்டிருந்து அப்படியே கேரளா. நீங்க ஒரு தடவ ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க. நல்லாருக்குன்னு நீங்க சொல்லிட்டா இங்க வேலைய முடிச்சுக்கிட்டு ஊருக்கே வந்துர்றேன். ஒப்பந்தமும் இந்த வருசத்தோட முடியுது."

"வண்டிக்காக வேலைய விடுறீகளா மாப்ள?"

"வர்றதுக்கு ஏதாச்சும் ஒண்ணு வேணும்ல மச்சான். இல்லன்னா இன்னும் ஒரு வருசம், இன்னும் ஒரு வருசம்னே போயிருது."

தங்கை அடுத்த வாரமே புதுக்கோட்டைக்கு வந்து அரக்குக் கலரில் ஒரு ஹெல்மெட் வாங்கிக்கொண்டு போனாள். மகள் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன பிறகு ஆலங்குடி வீட்டில் அவள் தனியாகத்தான் இருந்தாள். ஹெல்மெட்டை பீரோவில் சேலைகளுக்குப் பக்கத்தில் வைத்திருப்பதாகச் சொன்னபோது நான்கூடக் கிண்டல் செய்தேன்.

டெமோ வண்டி ஒரே ஒரு நாள்தான் புதுக்கோட்டைக்கு வந்தது. ஆளுக்குப் பத்து நிமிஷம். குரூப்பில் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றோம். நான் ஆபீசுக்கு லீவு போட்டிருந்தேன். சாவி என் கைக்கு வந்ததும் திருச்சி ரோட்டில் எடுத்தேன்.

அந்தப் பத்து நிமிஷத்தைப் பற்றி இன்றைக்காவது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கிளட்சை விட்டதும் வண்டி இழுத்துக்கொண்டு ஓடவில்லை, என்ன வேண்டும் என்று கேட்டு நின்றதுபோல இருந்தது. மூன்றாவது கியரிலேயே ஊர் பின்னால் போய்விட்டது. கண்ணாடித் தடுப்பு காற்றை நெஞ்சுக்கு வரவிடாமல் மேலே தள்ளியது. இரண்டு பக்கமும் தைலமரக் காடு ஓடியது, கையில் ஒரு நடுக்கம் இல்லை. வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கினேன், தூக்கிப்போடவே இல்லை. வேண்டுமென்றே ஓரத்துச் செம்மண்ணில் இறக்கிப் பார்த்தேன், அதற்கும் அசரவில்லை. திரும்பும்போது ஒரு கையைப் பின்னால் நீட்டி பின் சீட்டை அமுக்கிப் பார்த்தேன். தங்கை உட்காரப்போகிற இடம் என்று நினைத்துத்தான் அமுக்கினேன். மாப்பிள்ளை சொன்னது சரி, அவள் கன்னியாகுமரிக்கே தூங்கிக்கொண்டு போகலாம். ஹெல்மெட்டுக்குள் நான் வாய்விட்டுச் சிரித்தேன். நாற்பத்தெட்டு வயதில் அப்படிச் சிரித்ததற்கு வெட்கமாகக்கூட இருந்தது.

ஷோரூம் வாசலில் நிறுத்தி, போனை எடுக்கச் சட்டைப்பைக்குள் கையை விட்டேன். அதற்குள் விற்பனைப் பையன் ஓடிவந்தான்.

"சார், ஒங்க மாப்ள கத்தார்லேர்ந்து போன் பண்ணிருந்தாரு. அவருக்காகத்தான பாக்க வந்தீங்க? அவரு பேர்லயே புக்கிங் போட்டுரவா?"

சொல்லிக்கொண்டே சாவியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. அவன் கேட்டது உண்மைதான். நான் அவருக்காகத்தான் பார்க்க வந்தேன். ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தில் அது எனக்கு மறந்துபோயிருந்தது. வண்டி என்னுடையது என்றே உடம்பு நம்பிவிட்டது. அந்தச் சாவி கையை விட்டுப் போனதும் வயிறு எரிந்தது. வேறு நல்ல வார்த்தை தேடவேண்டிய அவசியமில்லை, பொறாமைதான். இருபத்தைந்து வருடமாக வண்டி வண்டி என்று பைத்தியமாகத் திரிந்தவன் நான், ஓட்டப்போவது அவரா என்று தோன்றியது.

நாடாவை அவிழ்த்தேன். ஹெல்மெட்டைக் கழற்றி அங்கேயே ஒரு நாற்காலியில் வைத்தேன். எதிர்க்கடைக்குப் போய் ஒரு டீ குடித்தேன். நின்று யோசிக்க நேரம் இருந்தது, அதனால் வாய் தவறி வந்துவிட்டது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. அதன் பிறகுதான் குரூப்பில் பேசினேன். மற்றவர்கள் கண்ணெல்லாம் வண்டி மேல் இருந்தது, சட்டம் போட்டவனையே யாரும் சந்தேகப்படவும் இல்லை.

"பாக்கத்தாங்க பகட்டு. எஞ்சின் சூட்டுல முழங்கால் ரெண்டும் வேகுது. நம்ம ரோட்டுக்கு ஒத்துவராது. பின்னால ஒக்கார்றவங்க பாடு இன்னும் மோசம்."

பின் சீட்டைப் பற்றி நான் சொல்லியிருக்கவே வேண்டியதில்லை. அது அவரை எங்கே தொடும் என்று தெரிந்துதான் சொன்னேன்.

மற்றவர்கள் எல்லோரும் ஓட்டிவிட்டு வந்து, ஹெல்மெட்டோடு, குடத்துக் குரலில் ஆகா ஓகோ என்றார்கள். ஜவுளிக்கடைக்காரர் அங்கேயே புக் செய்துவிட்டார். "ஒங்களுக்கு வயசாயிருச்சு சார்" என்று ஒருவர் என்னைக் கேலி செய்தார். அதற்குப் பதில் கத்தாரிலிருந்து வந்தது. "மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும். நான் வாங்கல."

அன்றைக்கே மாற்றிச் சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லியிருக்கலாம். தங்கை பயப்படுவாள், இந்த வயதில் அவ்வளவு பெரிய வண்டி ஆபத்து, நல்லதற்குத்தான் சொன்னோம் என்று எனக்கு நானே கதை சொல்லிக்கொண்டு ஒரு மாதத்தை ஓட்டினேன். அப்புறம் தங்கை போன் செய்தாள்.

"அவுக இன்னும் மூணு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டாகளாம்ணே. வண்டி இல்லன்னதும் வர்ற நெனப்பே விட்டுப்போச்சு அவுகளுக்கு. நான் என்ன சொல்லியும் கேக்கல."

"கொஞ்ச நாள்தான, ஓடிரும்த்தா" என்றேன். அவள் அழவில்லை. ஹெல்மெட்டைக் கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டாள். இத்தனை நாள் கழித்து எடுக்கமாட்டார்கள் என்று சொன்னேன்.

அடுத்த வருடம் மாப்பிள்ளை ஒரு மாத லீவில் வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் குரூப்போடு குளத்தூர் வரைக்கும் போனோம். அவரிடம் வண்டி இல்லாததால் என் பின்னால் உட்கார்ந்து வந்தார். ஹெல்மெட்டும் இல்லாததால் தங்கையுடையதைப் போட்டிருந்தார். அது அவர் தலைக்குச் சிறிசு, கன்னம் இரண்டும் பிதுங்கியது. டீக்கடையில் நின்றபோது ஜவுளிக்கடைக்காரர் தன் ஸ்போர்ட் டூரரின் சாவியை அவரிடம் நீட்டினார்.

"ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க மாப்ள. ஒங்க மச்சான் சொன்னது நெசமா பொய்யான்னு நீங்களே சொல்லுங்க."

நான் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தேன். மாப்பிள்ளை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏறிப் போனார். பத்து நிமிஷத்தில் வருவார் என்று நினைத்தோம். அரைமணி நேரம் ஆயிற்று. ஜவுளிக்கடைக்காரருக்கே கொஞ்சம் பதற்றம் வந்துவிட்டது.

வந்து நிறுத்தினார். ஆளாளுக்குப் போனை நீட்டிக்கொண்டு சுற்றி நின்றார்கள். அந்த இறுக்கமான ஹெல்மெட்டுக்குள் அவருடைய கண்ணைப் பார்த்தேன். அழுதாரா சிரித்தாரா தெரியவில்லை, கண் இரண்டும் ஈரமாக இருந்தன. டெமோ வண்டியிலிருந்து இறங்கியபோது என் கண்ணும் அப்படித்தான் இருந்திருக்கும். "சொல்லுங்க, சொல்லுங்க" என்றார்கள். அவர் நாடாவை அவிழ்த்தார். நிதானமாக ஹெல்மெட்டைக் கழற்றினார். அதை வண்டிக் கண்ணாடியில் மாட்டினார். தலைமுடியைக் கோதிவிட்டுக்கொண்டார். அப்புறம் சொன்னார்.

"மச்சான் சொன்னது சரிதாங்க. முழங்கால் ரொம்பச் சுடுது."

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். மாமன் மச்சான் ரெண்டு பேரும் ஒரே கட்சி என்றார் ஜவுளிக்கடைக்காரர். சட்டப்படி இது செல்லாது என்று யாரோ கத்தினார். நானும் சிரித்து வைத்தேன்.

மற்றவர்கள் வண்டியை எடுக்கப் போனதும் அவரைத் தனியாகப் பிடித்தேன். "ஏன் மாப்ள அப்படிச் சொன்னீக?"

அவர் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

"அன்னைக்கு ஒங்க வாய்ஸ்லயும் ஹெல்மெட் இல்லையே மச்சான்."

"தெரிஞ்சுமா வாங்காம விட்டீக?"

"நான் வாங்குறது ஒங்களுக்குப் பிடிக்கலன்னு தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்பறம் அந்த வண்டிய ஓட்டிக்கிட்டு ஒங்க வாசல்ல வந்து எப்படி மச்சான் நிப்பேன்?" சொல்லிவிட்டு என் தோளில் இருந்த தூசியைத் தட்டிவிட்டார். "விடுங்க. வெயில் ஏறுது, போவோம்."

திரும்பி வரும்போது அவர் என் பின்னால் இருந்தார். என் பழைய வண்டி வழக்கம்போல ஆட்டம் போட்டது. தங்கையின் ஹெல்மெட் அவ்வப்போது என் ஹெல்மெட்டின் பின்பக்கம் இடித்தது. இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். முகம் மூடியிருக்கிறது, அவர் எதிரே இல்லை, இதைவிட வசதி ஏது? மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். "மாப்ள, அது நல்ல வண்டி. எனக்கு வயித்தெரிச்சல். தங்கச்சியோட மூணு வருசத்த நான்தான்..."

என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவர் தோளைத் தட்டி முன்னால் குனிந்தார். "என்ன மச்சான் சொன்னீக?"

திரும்பச் சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது.

"ஒண்ணுமில்ல மாப்ள. பள்ளம் வருது, நல்லாப் புடிச்சுக்கங்கன்னேன்."

அது போன மாதம்தான் புதிதாகப் போட்ட ரோடு. கண்ணுக்கு எட்டியவரை எங்கேயும் ஒரு பள்ளம் கிடையாது. அது அவருக்கும் தெரிந்தது. ஆனாலும் "சரி மச்சான்" என்று சொல்லி, இரண்டு கையாலும் என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.